முதிய நாயும் முதல் அணுவிரதமும்

இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்ட ஐந்து அணுவிரதங்களுள் முதலில் நிற்பது கொல்லாமை. இவ்விரதத்தை ஏற்ற நம்மவருள் பலர், "நாம் எவ்வுயிரையும் கொல்வதில்லை, ஊன் உண்பதில்லை, எனவே விரதம் குறைவின்றி நடக்கிறது" என்று மனநிறைவு கொள்கின்றனர். ஆனால் உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இவ்விரதத்தை மாசுபடுத்தும் அதிசாரங்கள் ஐந்தினை எடுத்துரைக்கிறார். கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. சமந்தபத்திர ஆசாரியரும் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவற்றைக் கூறியுள்ளார். அந்நூலின் வழியில் எழுந்த அருங்கலச்செப்பு நம் தமிழிலேயே இருப்பதால், பாடசாலையில் பயின்ற சிறுவர்களும் இவ்வைந்தையும் ஒப்பிப்பர்.

ஒப்பிப்பதோடு நில்லாமல் இவ்வைந்தையும் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். இவற்றுள் எதுவும் நேரடியான கொலை அன்று. மேலும் இவற்றைக் காட்டில் திரியும் மானுக்கோ வானில் பறக்கும் கிளிக்கோ நாம் செய்ய முடியாது. நம் கைக்குள் இருக்கும் உயிரைத்தான் கட்டிவைக்க முடியும். நம்மை நம்பி இருக்கும் உயிருக்குத்தான் சோற்றையும் நீரையும் தடுக்க முடியும். ஆகவே ஆசாரியர் இங்கே வேட்டுவனை நோக்கிப் பேசவில்லை. உயிர்களை வளர்ப்பவனையும் வேலை வாங்குபவனையும் நோக்கிப் பேசுகிறார். கொல்லாமை என்பது கையை மடக்கிக்கொண்டிருப்பது மட்டும் அன்று, நம்மைச் சார்ந்த உயிரிடம் நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம் என்பதும் அதனுள் அடங்கும் என்பது இதனால் பெறப்படும்.

இதனை விளக்க நாம் இப்பாடத்தில் எடுத்துக்கொண்ட பொருள் முதுமை எய்தி, நோயுற்று, எவருக்கும் பயன்படாமற் போன நாய்கள். "நாய்க்கென்று ஒரு பாடமா?" எனச் சிலர் நகைக்கக்கூடும். நாய் ஐம்பொறிகளும் மனமும் உடைய உயிர். நாற்கதிகளுள் விலங்குகதியில் நம்மை மிக அண்டி வாழ்வது. அறத்தின் பயனால் நாய் தேவனாவதும், தீவினையால் தேவன் நாயாவதும் உண்டு என்று இரத்தினகரண்டகமே எடுத்துக்காட்டுகிறது. எத்தனையோ விலங்குகள் இருக்க ஆசாரியர் நாயைத் தேர்ந்தது, உலகத்தார் அதனை இழிவாக எண்ணுவதை அறிந்தே எனக் கொள்ளலாம்.

கடல் கடந்த நாட்டில் நடப்பது

அமெரிக்க நாட்டில் ஆதரவற்ற நாய்களைக் காப்பகங்களில் வைத்திருந்து, வளர்க்க விரும்புவோருக்குக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அங்கு வருவோர் பெரும்பாலும் குட்டிகளையும் இளம் நாய்களையுமே நாடுவர். முகம் நரைத்து, கண் மங்கி, கால் தளர்ந்த நாயை எவரும் ஏறெடுத்தும் பாரார். அந்நாய்கள் பல, ஒரு காலத்தில் ஒரு வீட்டில் செல்வமாக வளர்ந்தவையே. வளர்த்தவர் இறந்திருப்பார், அல்லது முதியோர் இல்லம் புகுந்திருப்பார், வீடு மாறியிருப்பார், மருத்துவச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று கொண்டுவந்து விட்டவரும் உண்டு. இடம் போதாத காப்பகங்களில், எவரும் கேட்காத நாய்களின் உயிரை ஊசியினால் போக்கிவிடுவர். முதிய நாய்களுக்கே இம்முடிவு விரைவில் வந்து சேரும்.

சான் பிரான்சிஸ்கோ நகரில் சிகை அலங்காரத் தொழில் செய்துவந்த ஷெரி பிராங்க்ளின் என்னும் பெண்மணி, அந்நகரத்துப் பிராணிகள் காப்பகம் ஒன்றில் தொண்டராகப் பணிபுரிந்தபோது இதனைக் கண்டார். முதிய நாய்களைத் தம் இல்லத்திற்கே கொண்டுசென்று, அவற்றுக்கு வீடு தேடித் தரலானார். 2007ஆம் ஆண்டு மட்வில் என்னும் அமைப்பை நிறுவினார். ஏழு வயதும் அதற்கு மேலும் ஆன நாய்களை மீட்பதே அதன் பணி. 2016இல் அந்நாட்டுத் தொலைக்காட்சி நிறுவனமான சி.என்.என். ஆண்டுதோறும் சிறப்பிக்கும் பத்து நற்பணியாளருள் ஒருவராக அவரையும் தேர்ந்தது.

அவ்வமைப்பின் ஏற்பாடுகளுள் இரண்டு நம் கருத்தைக் கவர்வன. அறுபத்திரண்டு வயது கடந்த முதியோர் ஒரு நாயை ஏற்றுக்கொள்வாராயின் அவரிடம் கட்டணம் பெறுவதில்லை. துள்ளி ஓடும் குட்டியை முதியவரால் அடக்கியாள இயலாது. மெல்ல நடக்கும் கிழ நாய்க்கு மெல்ல நடக்கும் துணை பொருந்திவிடுகிறது. இரண்டாவது ஏற்பாடு இன்னும் அரியது. தீராத நோயுற்று, சில வாரங்களோ சில திங்களோ மட்டும் உயிர் வாழக்கூடிய நாய்களையும் தொண்டர்கள் தம் இல்லத்தில் ஏற்றுக்கொள்கின்றனர். மருத்துவச் செலவை அமைப்பு தாங்குகிறது. தொண்டர் தருவது ஒரு மூலையில் படுக்கை, வேளைக்கு உணவு, வேளைக்கு மருந்து, அருகில் ஒரு மனித முகம். நாய் இறக்கப்போவது உறுதி என்று அறிந்தே அதனை வீட்டிற்குள் அழைத்துவருகின்றனர். அது இறந்த பின் அழுகின்றனர். பிறகு அடுத்த நாயை ஏற்கின்றனர்.

டென்னஸி மாநிலத்தில் மவுண்ட் ஜூலியட் என்னும் ஊரில் ஜீனா குடின், மைக்கேல் குடின் என்னும் தம்பதியர் 2012ஆம் ஆண்டு முதிய நாய்களுக்கென ஓர் இல்லம் தொடங்கினர். சில நாய்கள் அங்கேயே தங்கிவிடும். மற்றவற்றைச் சுற்றுவட்டாரத்துத் தொண்டர்கள் தம் இல்லங்களில் இறுதிவரை வைத்துக் காப்பர். நாயின் பொறுப்பு இல்லத்தினுடையதே, மருத்துவத்தை இல்லம் பார்த்துக்கொள்ளும், வாழ்விடம் தொண்டருடையது. இதில் உள்ள நுட்பத்தை நம்மவர் கவனிக்க வேண்டும். இடம் உடையவரிடம் பொருள் இல்லை. பொருள் உடையவரிடம் இடம் இல்லை. இரண்டும் உடையவரிடம் நேரம் இல்லை. சுமையைப் பகுத்துவிட்டால் எவரும் "என்னால் இயலாது" என்று ஒதுங்க வழியில்லை. நம் ஊர்களில் ஒரு வீட்டார் கிழ நாயை வைத்துப் பார்க்க, நான்கு வீட்டார் மருந்துச் செலவைப் பகிர்ந்துகொள்வது இயலாத காரியமா? ஆண்டுதோறும் ஆலயத் திருவிழாவிற்கு வரி பகுத்து அறவிடத் தெரிந்த நமக்கு இது புதிய கணக்கு அன்று.

இத்தொண்டர்கள் ஜைனர் அல்லர். அணுவிரதம் என்னும் சொல்லையே அவருள் பலர் கேட்டிரார். ஒரு நாயின் மூப்புக்கு இரங்கும் அவருள் பலர் ஊன் உண்பவர் என்பதும் உண்மையே. அது நமக்கு விளங்காத முரண். ஆயினும் அம்முரணைச் சுட்டிக்காட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. நம் உணவில் ஊன் இல்லை, சரி. நம் கொல்லையில் கட்டிக்கிடக்கும் நாயின் நிலை என்ன?

சீவகன் கண்ட நாய்

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். திருத்தக்கதேவர் அருளிய சீவகசிந்தாமணியில் குணமாலையார் இலம்பகத்தில் வரும் நிகழ்ச்சியை அன்பர்கள் நினைவுகூர வேண்டும். இராசமாபுரத்து மக்கள் நீர் விளையாட்டு விழாவில் மகிழ்ந்திருக்கின்றனர். அவ்வேளை, பிறர்க்கென வைத்த உணவைத் தீண்டிவிட்டது என்னும் குற்றத்திற்காக ஒரு நாயைச் சிலர் அடித்து வீழ்த்துகின்றனர். அது குற்றுயிராய்க் கிடக்கிறது. சீவகன் அதனைக் காண்கிறான். பிழைக்கவைக்கும் நிலை கடந்துவிட்டது. அவன் அதனருகே அமர்ந்து, அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தைக் கூறுகிறான். நாய் உயிர் நீத்துச் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறக்கிறது. பின்னர்க் கட்டியங்காரன் சீவகனைக் கொல்லக் கட்டளையிட்டபோது அச்சுதஞ்சணனே வந்து அவனைக் காத்துக் கொண்டுசெல்கிறான்.

இக்கதையை நம் இல்லங்களில் மந்திரத்தின் மகிமையைக் கூறுவதற்காகவே சொல்லிவருகிறோம். அது தவறன்று. ஆனால் நாம் கவனியாது விடும் ஒன்று உண்டு. விழா நாள், இளங்குமரன், சுற்றிலும் ஆடலும் பாடலும். அடிபட்ட நாய் ஒன்று வழியோரம் கிடந்தால் அதனைக் கடந்து செல்வதே எவரும் செய்யும் செயல். அவனால் அதன் காலை ஒட்டவைக்க இயலவில்லை. உயிரை நிறுத்த இயலவில்லை. அது தேவனாகித் தனக்கு உதவும் என்று அவன் கணக்கிட்டிருக்கவும் இயலாது. இறக்கும் வரை உடனிருந்தான். அவ்வளவே. தீராத நோயுற்ற நாயை ஏற்கும் தொண்டரும் அதனையே செய்கின்றனர்.

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நான்கு என்பர். முதிய நாயை ஏற்பவர் உணவு, மருந்து, அச்சமின்மை ஆகிய மூன்றையும் ஒருங்கே தருகிறார். சீவகன் தந்தது எஞ்சிய ஒன்றாகிய அறவுரை என நாம் கொள்கிறோம். (நோயுற்ற முனிவர்க்குச் செய்யும் பணிவிடையாகிய வையாவிருத்தியத்தோடு இதனை ஒன்றாக்கிப் பேசுவோர் உளர். அது தவம், இது கருணை. இரண்டையும் குழப்புதல் வேண்டா.)

சோறு எறிதலும் ஏற்றுக்கொள்ளுதலும்

பம்பாயில் 1832இல் ஆங்கிலேய ஆட்சியினர் தெரு நாய்களைக் கொல்ல முற்பட்டபோது பார்சி மக்கள் கொதித்தெழுந்தனர். பிற சமயத்தாரும் உடன் நின்றனர். அதன் விளைவாக 1834இல், ஜம்சேட்ஜி ஜீஜீபாய் என்னும் பார்சிப் பெருவணிகரும் ஜைன வணிகப் பெருமக்களும் முன்னின்று பம்பாய்ப் பிஞ்சராபோலை நிறுவினர். இன்று பிஞ்சராபோல் என்றவுடன் பசுக்களே நினைவுக்கு வருகின்றன. பம்பாயில் அது தோன்றக் காரணமாயிருந்தவை நாய்கள்.

1926இல் அகமதாபாத்தில் ஓர் ஆலை முதலாளி தம் ஆலைப்புறத்தில் திரிந்த ஏறத்தாழ 60 நாய்களைக் கொல்வித்தார். காந்தியடிகள் அச்செயலைக் கண்டிக்க மறுத்தமையால் ஜைனர் பலர் அவர்மீது சினங்கொண்டு கடிதங்கள் எழுதினர். அடிகள் தம் யங் இந்தியா இதழில் தொடர்ந்து மறுமொழி எழுதினார். நாய்களைக் கொல்லலாம் என்ற அவர் முடிவை நாம் ஏற்பதற்கில்லை. ஆனால் அம்மறுமொழிகளில் நம்மை நோக்கி அவர் எழுப்பிய கேள்விக்கு இன்றுவரை நாம் நேரான விடை கூறவில்லை. உரியவர் இன்றி நாய்கள் தெருவில் திரிவதே சமுதாயத்திற்கு இழிவு; போகிறபோக்கில் ஒரு துண்டு உணவை எறிந்துவிட்டுக் கருணை செய்ததாக எண்ணுவது மயக்கம்; இரக்கமுடையோர் நாயைத் தம்முடையதாக ஏற்றுக் காக்க வேண்டும், அல்லது காப்போர்க்குப் பொருள் தர வேண்டும் என்பது அவர் வாதம். எறிந்த சோற்றுக்கு நாளை என்னும் கடமை இல்லை. ஏற்றுக்கொண்ட நாய்க்கு மூப்பு உண்டு, நோய் உண்டு, இரவு உண்டு.

இங்கே கற்றறிந்த அன்பர் ஒருவர் தடை எழுப்பக்கூடும். பூனை முதலிய கொடிய விலங்குகளை வளர்த்தலைக் கார்த்திகேயானுப்பிரேட்சை அனர்த்ததண்டம், அதாவது பயனில்லாப் பாவம், என்று விலக்கியுள்ளதே. நாயும் ஊன் உண்ணும் விலங்குதானே என்பது அத்தடை. தக்க தடையே. பிற உயிரைக் கொல்லும் விலங்கை விளையாட்டிற்காகவும் வேட்டைக்காகவும் ஊட்டி வளர்ப்பது அக்கொலைக்குத் துணைபோதலாகும் என்பதே அவ்விலக்கின் கருத்து என நாம் உணர்கிறோம். ஆதலால் விலை கொடுத்து உயர்சாதிக் குட்டி வாங்குவதையும், குட்டி ஈனவைத்து விற்பதையும் நாம் ஆதரிக்கவில்லை. பல் விழுந்து, பார்வை மங்கி, ஓர் அணிலையும் துரத்த இயலாத நாயைச் சாகும்வரை காப்பது அவ்விலக்கினுள் வாராது என்பது நம் துணிபு. ஐயமுடையோர் தம் ஊருக்கு எழுந்தருளும் முனிவர் பெருமக்களைக் கேட்டுத் தெளிக.

இதனை எழுதும் நாமும் குற்றமற்றவர் அல்லோம். நம் இளமையில் இல்லத்து மாட்டுக் கொட்டகையில் ஒரு நாட்டு நாய் இருந்தது. பத்தாண்டுகளுக்கு மேலாகக் களத்தையும் வைக்கோற் போரையும் காத்தது. கண் தெரியாமற் போனபின் வருவோர் கால்களில் இடறுகிறது என்று அதனைத் தூணில் கட்டினோம். நாள்தோறும் இருவேளை சோறு தவறாமல் வைத்தோம். ஆகவே குறை ஒன்றும் செய்யவில்லை என்றே எண்ணினோம். அதன் நீர்ச்சட்டி வெயில் ஏறியபின் கொதிக்கும் இடத்தில் இருந்ததை எவரும் கவனிக்கவில்லை. சங்கிலி தூணைச் சுற்றிச் சுற்றிக் குறுகிப்போவதை மாலையில்தான் பார்ப்போம். ஒருநாள் காலையில் இறந்து கிடந்தது. இரவில் அது குரல் கொடுத்ததாக நம் தாயார் பின்னர்க் கூறினார். நாமும் கேட்டோம், எழுந்து செல்லவில்லை. முதல் அதிசாரம் கட்டிவைத்தல், ஐந்தாவது நீர் தடுத்தல் என்று அதே ஆண்டில் பாடசாலையில் ஒப்பித்து நாம் பரிசு பெற்றோம்.

நம் நாட்டுச் சட்டமும் இங்கே ஒப்புநோக்கத் தக்கது. ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியின் பயனாக 1960இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 11ஆம் பிரிவு அடித்தலையும், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதலையும், நெடுநேரம் சங்கிலியில் கட்டிவைத்தலையும், போதிய உணவும் நீரும் அளியாமையையும், உறுப்புச் சிதைத்தலையும் குற்றமாக்குகிறது. நம் ஆசாரியர் கூறிய ஐந்தும் அப்படியே அதனுள் இருக்கின்றன! அச்சட்டத்தில் மற்றொன்றும் உண்டு. பசியினாலோ தாகத்தினாலோ துன்புறும் நிலையில், தக்க காரணமின்றிப் பிராணியைக் கைவிடுதலும் குற்றமே. முதிய நாயை வண்டியில் ஏற்றிச் சென்று அயலூர்ச் சந்தையில் இறக்கிவிட்டு வருவோர் இதனை அறிதல் வேண்டும்.

காக்கும் முறை

முதிய நாயைக் காப்பதற்கு மிகுந்த பொருள் வேண்டியதில்லை. மிகுந்த கவனம் வேண்டும். பெரிய உடல் உடைய நாய்கள் விரைவில் மூப்படையும். சிறியவை நெடுநாள் தாங்கும். பொதுவாக ஏழெட்டு வயதிலிருந்து மூப்பின் அறிகுறிகள் தோன்றலாம்.

மூட்டு நோயுற்ற நாய் வழுக்கும் தரையில் எழ இயலாமல் தவிக்கும். நம் புதிய வீடுகளின் பளபளக்கும் கல் தரை அதற்குப் பகை. படுக்கும் இடத்திலும் நடக்கும் வழியிலும் கோணிச்சாக்கை விரித்தாலே பாதித் துன்பம் நீங்கும். எழ முடியாத நாயைச் சில மணிக்கு ஒருமுறை புறம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையேல் படுக்கைப்புண் வரும், ஈ மொய்க்கும், புழு வைக்கும். புழு வைத்தபின் நாயைக் காப்பதா புழுவைக் காப்பதா என்று ஜைன இல்லத்தில் தர்க்கம் எழும். அத்தர்க்கத்திற்கு இடம் தராமல் முன்னரே புண்ணைத் துடைத்து வைப்பது எளிது.

செவி கேளாத நாயைப் பின்புறமாகச் சென்று தொடலாகாது; அஞ்சிக் கடித்துவிடும். தரையில் காலைத் தட்டினால் அதிர்வை உணர்ந்து திரும்பும். பார்வை இழந்த நாய் உள்ள வீட்டில் கட்டில், நாற்காலிகளை இடம் மாற்றாதிருத்தல் நன்று. சில கிழ நாய்கள் இரவெல்லாம் நிலைகொள்ளாது நடக்கும், மூலையில் சென்று முட்டி நிற்கும், பழகியவரையும் மறக்கும், இருந்த இடத்திலேயே சிறுநீர் கழிக்கும். இது மூளையின் தளர்ச்சி. நம் பாட்டனாருக்கு வந்தால் அடிப்போமா? சிறிய விளக்கு ஒன்றை எரியவிட்டு, அடிக்கடி வெளியே அழைத்துச் சென்றால் ஓரளவு அடங்கும். மருத்துவர் மருந்தும் தருவார்.

உணவு பற்றி நம்மவர்க்கு ஐயங்கள் மிகுதி. நாய் பூனையைப் போன்றதன்று. சரியாக அமைக்கப்பட்டால் மரக்கறி உணவிலேயே அது வாழ முடியும். ஆனால் வெறும் தயிர்ச்சோறு அதற்குப் போதாது. பருப்பும் பிறவும் எவ்வளவு சேர்ப்பது, ஆயத்த மரக்கறி உணவு எது தகும் என்பதைக் கால்நடை மருத்துவரைக் கேட்டே தீர்மானிக்க வேண்டும். சிறுநீரகம் பழுதுற்ற நாய்க்கு அளவு வேறு. திருவிழாப் பாயசத்தை நாய்க்கும் வைக்கும் அன்பர்கள் ஒன்றை அறிக: திராட்சையும் உலர்திராட்சையும் நாய்க்கு நஞ்சு, வெங்காயமும் அவ்வாறே. நாம் உட்கொள்ளும் வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுத்தல் கூடாது. பாரசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்றவை அதன் உயிரையே போக்கிவிடக்கூடும்.

இரவுண்ணா விரதம் பூண்ட அன்பர் ஒருவர், மாலைக்குப் பின் நாய்க்கும் நீர் வைப்பதில்லை என்று பெருமையாகக் கூறக் கேட்டோம். விரதம் அவருடையது. நாய் எவ்விரதமும் ஏற்கவில்லை. சிறுநீரக நோயுற்ற கிழ நாய்க்கு இரவில் நீர் மறுத்தல் ஐந்தாம் அதிசாரமே.

வீட்டினுள் நாயைச் சேர்த்தால் அடுக்களைத் தூய்மையும் பூசைத் தூய்மையும் கெடும் என்போர் திண்ணையிலோ தாழ்வாரத்திலோ இடம் தரலாம். மழையும் வெயிலும் படாதிருந்தால் போதும். தெருவிலிருந்து ஏற்ற நாயானால் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முதலில் போடுவிக்க வேண்டும். சென்னையில் 1959இல் கேப்டன் வி. சுந்தரம் அவர்கள் தோற்றுவித்த புளூ கிராஸ் போன்ற அமைப்புகளில் முதிய, ஊனமுற்ற நாய்கள் பல இருக்கின்றன. ஏற்க இயலாதோர் அங்கே சென்று ஒரு நாள் பணி செய்து வரலாம்.

இறுதி நாட்கள்

இனி, இப்பொருளில் மிகக் கடினமான பகுதி. அமெரிக்கத் தொண்டர்கள், நாயின் துன்பம் பொறுக்கவொண்ணாத நிலையை அடைந்ததும் மருத்துவரைக் கொண்டு ஊசியினால் உயிரை முடித்துவிடுகின்றனர். அன்பின் கடைசிக் கடமை என்றே அதனைக் கருதுகின்றனர். 1928இல் காந்தியடிகளும் சபர்மதி ஆசிரமத்தில் துடித்துக்கொண்டிருந்த கன்றுக்கு இவ்வாறே செய்வித்தார். அப்போதும் ஜைனர்கள் பெரிதும் வருந்தினர்.

ஜினதருமத்தின் விடை இதில் ஐயத்திற்கிடமின்றி இருக்கிறது. துன்புறும் உயிரைக் கொன்றால் துன்பத்திலிருந்து விடுவித்ததாகும் என்னும் வாதத்தை அமிர்தசந்திர சூரிகள் புருஷார்த்த சித்தியுபாயத்தில் எடுத்துக்கொண்டு வெளிப்படையாக மறுத்துள்ளார். பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இவ்வினா எழுந்துள்ளது என்பதும், நம் ஆசாரியர் அதனைத் தவிர்க்கவில்லை என்பதும் இதனால் தெரிகிறது. சல்லேகனையை இங்கே சான்று காட்டுவோர் தவறுகின்றனர். சல்லேகனை அறிவோடு தானே ஏற்கும் நோன்பு. ஒருவருக்காக மற்றொருவர் அதனைத் தீர்மானிக்க இயலாது. வாய் பேசாத விலங்குக்காகத் தீர்மானிக்கவே இயலாது. உண்ணாத நாய்க்கு வலிந்து ஊட்டாமை வேறு, உணவை நிறுத்துதல் வேறு.

ஆனால் "கொல்லமாட்டோம்" என்று கூறிவிட்டு வலியில் துடிக்கும் நாயைக் கொட்டகையில் விட்டு அகல்வதற்கு அமிர்தசந்திரர் நமக்கு உரிமை தரவில்லை. ஊசியை மறுப்பவன் அந்த இரவுகளை ஏற்றாக வேண்டும். வலி தணிக்கும் மருந்துகள் இன்று பல உள்ளன. மருத்துவரிடம், "உயிரைப் போக்க வேண்டா, வலியைப் போக்குங்கள்" என்று கேட்டு, அவர் கூறும் வேளைதோறும் எழுந்து கொடுக்க வேண்டும். உலர்ந்த வாயை ஈரத்துணியால் நனைக்க வேண்டும். நனைந்த சாக்கை மாற்ற வேண்டும். மருந்தும் கைவிட்ட நிலை வருமா எனின், வரும். அப்போது நெஞ்சு படும் பாட்டை நாம் அறிவோம். அந்நிலையில் வேறு முடிவு எடுத்த பிற சமயத்தாரைக் கொலைஞர் என்று பழிக்க நமக்கு நா எழவில்லை. பழிக்கும் தகுதி இறுதிவரை உடனிருந்தவருக்கே உண்டு, அவரோ பழிப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடைப் பாடசாலையில் சீவகன் கதையைக் கூறி முடித்தபோது, ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து, தன் வீட்டு நாய்க்குக் காது கேளாது என்றும், அது சாகும்போது மந்திரம் எப்படிக் கேட்கும் என்றும் வினவினாள். பிற பிள்ளைகள் நகைத்தனர். நமக்கு உடனே விடை தோன்றவில்லை. மறுநாள், நாயின் மார்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மெல்லச் சொல்லும்படி கூறினோம். அந்த ஆண்டு கார்த்திகையில் அவ்வாறே செய்ததாகவும், தந்தையார் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்ததாகவும், விடியும் வரை இருவரும் உறங்கவில்லை என்றும் அவள் அஞ்சல் அட்டையில் எழுதியிருந்தாள்.